மணல் மூட்டை ஏற்றாத சோதனை

1

இப்போது நான் வேலை செய்யும் விமானக் கொட்டகையில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், போன வாரம் ஒரு விளம்பரத் தாள் கிடந்தது. ஆற்றங்கரைக் கூழாங்கல் மேட்டிலிருந்து ஒரு சின்ன விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், 'முழுச் சுமையோடும் சோதிக்கப்பட்டது. உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை.'

நின்றபடியே படித்தேன். தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். மனசு அடங்கவில்லை. குனிந்து எடுத்து, நாலாகக் கிழித்து, மறுபடி போட்டேன்.

முழுச் சுமையோடு சோதித்தது பொய் இல்லை. சோதிக்க வைத்தவள் நான். அதற்காகத்தான் விளம்பரம் போட்ட அந்தக் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியது.

என் பெயர் பாக்கியம். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் கோட்டைக்குப்பம் என் ஊர். கனடாவின் வடக்கில், வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். கணவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் ரூத் பத்தாவது படிக்கிறாள். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லாம், "அங்க இன்னா வேல பாக்கறே?" என்று கேட்பார்கள். "ஏரோப்ளேன் கம்பெனி" என்றால், "ஏர் ஹோஸ்டஸா?" என்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. இந்த ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

2

இங்கே பல ஊர்களுக்குச் சாலை கிடையாது. பால் பவுடரும் தபாலும் பிரசவ வலி எடுத்த பெண்ணும் சின்ன விமானத்தில்தான் போகவேண்டும், வரவேண்டும். ஓடுபாதை என்று ஒன்று இருக்காது. ஆற்றங்கரை, புல்வெளி, மலைச்சரிவு எதுவானாலும் இறங்கிக் கிளம்புவார்கள். அதனால் எவ்வளவு குறைந்த தூரத்தில் ஒரு விமானம் தரையை விட்டு எழும்புகிறது என்பதே இங்கே எல்லாருக்கும் பேச்சு. நம் ஊரில் யார் வலையில் எவ்வளவு இறால் பட்டது என்று பேசுவதைப்போல.

இந்தப் பழைய விமானங்களில் முன்னால் இருக்கும் எஞ்சின் நேராகப் பார்க்காது. கொஞ்சம் கீழே குனிந்தபடி பூட்டியிருப்பார்கள். விமானி எஞ்சினை முழுசாக முறுக்கும்போது மூக்கு தானாக மேலே எழும்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. அதில் ஒரு நஷ்டமும் உண்டு. எஞ்சின் மூக்கைக் கீழே இழுக்கிறது. அதைச் சமாளிக்க வால் தன்னைக் கீழே அழுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வால் அழுத்துகிற ஒவ்வொரு கிலோவும் இறக்கை சுமக்கவேண்டிய வீண் பாரம். எஞ்சின் இழுக்கிற அந்தக் கோட்டை நிமிர்த்திவிட்டால் வீண் பாரம் குறையும், விமானம் சீக்கிரம் எழும்பும். கணக்கு அதுதான்.

அப்போது எங்கள் முதலாளியாக இருந்த கெவின் அந்தக் கணக்கை நம்பி எஞ்சினைத் தாங்கும் சட்டத்தைப் புதிதாகச் செய்தார். அதைத் தனிச் சாமானாக, எல்லாரும் வாங்கித் தங்கள் விமானத்தில் மாட்டிக்கொள்ளும்படி விற்பது அவர் திட்டம். அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதிக்குச் சோதனை வேண்டும். பழைய சட்டத்தோடு பல ஓட்டம், புதிய சட்டத்தோடு பல ஓட்டம். அதே விமானம், அதே விமானி, அதே அளவு பெட்ரோல். நான் ஓடுபாதை ஓரத்தில் கொடி நட்டு, கேமரா வைத்து, காற்றை அளந்து, சக்கரம் எந்த இடத்தில் தரையை விட்டது என்று குறித்தேன்.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முதல் நாள் விமானம் சட்டென்று எழும்பியபோது நானே குதித்தேன். கெவின் என் முதுகில் தட்டி, "பார்த்தியா பக்கி!" என்றார்.

பாக்கியம் என்று சொல்ல இவர்களுக்கு வராது. பக்கி ஆக்கிவிட்டார்கள். நம் ஊரில் பக்கி என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொன்னேன். சிரித்தார். அதற்கப்புறமும் பக்கிதான்.

3

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நான் சென்னையில் விமானப் பராமரிப்புப் படித்தவள். அங்கே உரிமம் வாங்கி ஆறேழு வருடம் வேலை பார்த்தவள். இங்கே வந்ததும் அந்தப் படிப்பு செல்லாது என்றார்கள். ஒரு சான்றிதழில் மெட்ராஸ் என்று இருந்தது, இன்னொன்றில் சென்னை. "இவை இரண்டு வெவ்வேறு நகரங்களா?" என்று கேட்டுக் கடிதம் வந்தது. ஒரே ஊர்தான் என்று பதில் போட்டேன். அதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஒரு ஊரின் பெயர் மாறியதற்கு மீன்காரன் மகள் எங்கே போய் ஆதாரம் வாங்குவாள்? தூதரகத்துக்கு எழுதினேன். அவர்கள் எங்கள் வேலை இல்லை என்றார்கள்.

கடைசியில் 'தரவு உதவியாளர்' என்று ஒரு வேலை கிடைத்தது. அளக்கலாம், எழுதலாம், கூட்டிக் கழித்துக் காட்டலாம். கையெழுத்துப் போடக்கூடாது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கெவினுடையது.

4

ஒரு நாள் காலை பனி விலகி நன்றாக வெயில் அடித்தது. முதல் தடவையாகச் சுமை ஏற்றிச் சோதிக்கப் போனோம். இந்த விமானங்கள் சும்மா போவதில்லை. பின்னிருக்கைக்குப் பின்னால் மூட்டையும் பெட்டியும் ஏற்றிக்கொண்டுதான் போகும். அதனால் மணல் மூட்டைகளைப் பின்னால் அடுக்கி நன்றாகக் கட்டினேன். விமானி கார்ல் முன்னால். அவர் முதுகுக்குப் பின்னால் நான். என் முதுகுக்குப் பின்னால் மணல்.

கார்ல் அறுபதை நெருங்கியவர். அதிகம் பேசமாட்டார். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் முப்பது வருடமாகச் சாமான் கொண்டுபோய்ப் போட்டவர்.

புறப்பாடு பிரமாதமாக இருந்தது. அப்புறம்தான் நான் கேட்டேன்: "இறங்கப் போகும்போது பாதையில் ஒரு மான் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்காமல் மறுபடி எழும்பவேண்டும். அப்போது என்ன ஆகும்?"

"பார்ப்போம்," என்றார் கார்ல். "ஆனால் உயரத்தில் பார்ப்போம்."

உயரத்தில் பார்த்தோம். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

இறங்குகிற வேகத்துக்கு விமானத்தை நிதானப்படுத்தி, மூக்கு லேசாகத் தூக்கினாற்போல் வைத்துவிட்டு, அவர் எஞ்சினை முழுசாக முறுக்கினார். மூக்கு எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. மூக்கை இறக்க ஒரு கையால் ஸ்டிக்கை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தவர் இரண்டு கையாலும் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. கண்ணாடியில் தரை இல்லை, மலை இல்லை, வானம் மட்டும். எச்சரிக்கை ஒலி அலறியது. இடது இறக்கை காற்றின் பிடி விட்டுச் சரிந்தது. அவர் எஞ்சினைக் குறைத்து, மூக்கைக் கீழே விட்டு, எப்படியோ சமநிலைக்குக் கொண்டுவந்தார்.



"வால் மேல் நிற்கப் பார்த்தாள்," என்றார் கார்ல். இங்கே விமானம் பெண்பால்.

மூக்கை அடக்கி வைத்திருந்த எஞ்சினின் குனிவு போய்விட்டது; பின்னால் மணல் கனம் வேறு. தரைக்குப் பக்கத்தில் இது நடந்திருந்தால் சரிசெய்ய உயரமே இருந்திருக்காது. அவர் கை எவ்வளவு பலம் கொடுத்தது என்பது கருவியில் பதிவாகியிருந்தது. நான் அதை எழுதினேன். கார்ல் சொன்னதையும் எழுதினேன்.

5

கெவின் அறிக்கையைப் படித்தார். பாதியில் சிரித்தார்.

"பக்கி, விமானம் வால் மேல் நின்றதா?"

"நிற்கப் பார்த்தது என்று எழுதியிருக்கிறேன்."

"அது பேச்சு வழக்கு. விமானிகள் அப்படித்தான் பேசுவார்கள். உனக்கு எங்கள் பேச்சு பிடிபடவில்லை. உன் தப்பு இல்லை." பேனாவை எடுத்து அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தார். என் வாக்கியத்தை அடிக்கிற சாக்கில் கருவி காட்டிய அளவையும் சேர்த்து அடித்தார்.

"அளவு பேச்சு வழக்கு இல்லையே," என்றேன்.

"நாம் விற்பது புறப்பாடு. நீ செய்தது இறக்கத்தைப் பற்றின சோதனை."

"இறங்காமல் திரும்ப எழும்புவதும் புறப்பாடுதானே? தரையைத் தொடவில்லை, அவ்வளவுதான்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "இதோ பார். இந்த விமானங்களை ஓட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். ஓட்டத் தெரிந்தவன் சமாளிப்பான். தெரியாதவனுக்காக நான் சாமான் செய்யமுடியாது."

ஓட்டத் தெரிந்தவன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்தது. அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை.

6

என் அண்ணன் எங்கள் குப்பத்தில் முதல் முதலாகப் பெரிய எஞ்சின் வாங்கியவன். எஞ்சின் விற்கிற ஏஜெண்ட் ஒருத்தன் வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஃபைபர் படகின் பின்னால் அந்தப் புது எஞ்சினை மாட்டி, தானும் அண்ணனும் மட்டும் ஏறி ஏரியில் ஒரு சுற்று போய்க் காட்டினான். படகு அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்கிக்கொண்டு தண்ணீர் மேல் பறந்தது. பக்கத்துக் குப்பமான பசியாவரத்திலிருந்துகூட வந்து பார்த்தார்கள். கரையில் ஒரே விசில்.

நான் சென்னையிலிருந்து லீவில் வந்திருந்தேன். "வலையும் ஆளும் ஏத்திப் பாத்தீங்களா?" என்று அந்த ஏஜெண்டைக் கேட்டேன். அவன் என் தலைக்கு மேலாக அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் நின்ற ஒருத்தர், "ஆம்பளைங்க வேலய ஆம்பளைங்க பாத்துக்கறோம், நீ உள்ள போமா" என்றார். நைனா, எங்கள் அப்பா, என்னைப் பார்த்து, போ என்று கண்ணைக் காட்டினார்.

மழைக்காலம் முடிகிற சமயம். நாலு பேர், நனைந்த வலை, ஐஸ் பெட்டி, அதில் நிறைய மீன். முகத்துவாரத்துக்குள் நுழையும்போது பின்னால் ஒரு பெரிய அலை துரத்தியிருக்கிறது. தப்பிக்க அண்ணன் எஞ்சினை முறுக்கியிருக்கிறான். அணியம் மேலே போனது. எஞ்சின் கனமும் மீன் கனமும் சேர்ந்து பின்பக்கம் அமிழ்ந்தது. அலை உள்ளே இறங்கியது. மூன்று பேர் நீந்தி வந்தார்கள். அண்ணன் காலில் வலை சுற்றியிருந்தது.

ஏஜெண்ட் துக்கம் கேட்க வந்தான். வாசலில் பந்தல்கூடப் பிரிக்கவில்லை. "எஞ்சின் மேல எந்தக் கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல நைனா. அந்த நேரத்துல முறுக்கக் கூடாது. ஓட்டத் தெரியணும்" என்றான். நைனா தலையைக் குனிந்துகொண்டு, "செரிங்க" என்றார்.

கடலைப் பற்றி அண்ணனுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று மாறுவதை முகத்தில் உணர்ந்து சொல்லுவான். செத்தவனை ஓட்டத் தெரியாதவன் என்று அவன் வீட்டு வாசலிலேயே நின்று ஒருத்தன் சொன்னான். நாங்கள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினோம்.

7

கெவின் அடித்த பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரூத்திடம் காட்டி, "இங்கிலீஷ்ல என்ன தப்பு?" என்று கேட்டேன்.

ரூத்துக்குத் தமிழ் கேட்டால் பாதி புரியும். பேசமாட்டாள். என் தமிழில் அவளுக்குத் தெளிவாகப் புரிவது நான் திட்டுவது மட்டும்தான். அவள் இங்கிலீஷில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன், இடையில் கணவர் சாப்பிடுவார்.

படித்துவிட்டு, "தப்பு இல்லம்மா. ஆனா இது அந்த விமானி சொன்னதுன்னு தெரியல. நீ சொன்ன மாதிரி இருக்கு. மேற்கோள் குறி போடு" என்றாள் இங்கிலீஷில். அப்புறம், "ஏன் இவ்வளவு கோபம்? ஒரு ரிப்போர்ட்தானே" என்றாள்.

ரிப்போர்ட்தானே. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க, அவளுக்குத் தெரியாத வார்த்தைகளைப் பற்றிக் கவலைப்படாமல், படகையும் எஞ்சினையும் முகத்துவாரத்தையும் தமிழிலேயே கொட்டித் தீர்த்தேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முடித்தபோது குழம்பு அடிப்பிடித்திருந்தது. அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள்.

8

அரசாங்க ஆய்வாளர் வருகிற நாளுக்கு எனக்கு லீவு கொடுத்தார் கெவின். கேட்காமலே கொடுத்தார். நான் லீவு நாளில் வேலைக்குப் போனேன்.

ஆய்வாளர் ஒரு பெண்மணி, நரைத்த தலை, தானே விமானி. சுமை எதுவும் ஏற்றாமல் வெறும் விமானம் நின்றது. கார்ல் பக்கத்தில் நின்றார். கெவின் காகிதங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் கார்லைப் பார்த்து, "சுமையோடு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

கார்ல் தன் பூட்ஸைப் பார்த்தார். "பரவாயில்லை," என்றார்.

கெவின் மேல் வந்த கோபத்தைவிட அந்த நிமிஷம் கார்ல் மேல் எனக்கு வந்த கோபம் பெரிசு. கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளிய மனிதர்! தலையைக் குனிந்துகொண்டு பரவாயில்லை என்கிறார். எத்தனை பேர் இப்படிக் குனிவார்கள்? எந்த ஊரில் போய் இதற்கு ஒரு முடிவு பார்ப்பது?

பேசினால் என் இங்கிலீஷ் காலை வாரும் என்று எனக்குத் தெரியும். அதனால் பேசவில்லை. கொட்டகைக்குள் போனேன். ஒரு மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து விமானத்தின் பின்னால் ஏற்றினேன். திரும்பப் போய் இன்னொன்று.

"பக்கி, என்ன செய்கிறாய்? நிறுத்து!" என்று கெவின் கத்தினார்.

மூன்றாவது மூட்டையோடு வந்தேன். மூச்சு வாங்கியது. ஆய்வாளர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவள் எங்கள் உதவியாளர். கொஞ்சம் மனநிலை சரியில்லை," என்றார் கெவின்.

"அவர் சுமை ஏற்றுகிறார்," என்றார் ஆய்வாளர். "ஏற்றட்டும்."

நாலாவது மூட்டையை நான் தூக்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு கை வந்தது. கார்ல். என் முகத்தைப் பார்க்காமல் தூக்கினார். மூட்டைகளைக் கட்டி முடித்ததும் ஆய்வாளரிடம் போய், "முதலில் உயரத்துக்குப் போங்கள். பிறகு இறங்குகிற மாதிரி வைத்து முழுசாக முறுக்குங்கள். இரண்டு கையும் தயாராக இருக்கட்டும்" என்றார். ஆய்வாளர் முன்னால் உட்கார, கார்லும் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்து இறங்கியபோது ஆய்வாளர் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கெவினிடம் கேட்டார்: "இது உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

கெவின் காகிதங்களை மறுபடி புரட்டினார். நான் பையிலிருந்து என் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். மேற்கோள் குறி போட்டிருந்தேன்.

9

அனுமதி அன்று கிடைக்கவில்லை. சட்டத்தைத் திருத்திச் செய்யச் சொன்னார்கள். எஞ்சினை முழுசாக நிமிர்த்தாமல் பாதி நிமிர்த்தினார்கள். பின்னால் ஏற்றும் சுமைக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். மறுபடி சோதித்து அனுமதி வாங்கினார்கள். நல்லபடியாக விற்கிறது. இதுவரை யாரும் சாகவில்லை.

எனக்கு அந்த வாரக் கடைசியிலேயே வேலையை விட்டு நீக்கிச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். 'குழுவோடு ஒத்துப்போகாத நடத்தை' என்று காரணம். கார்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் கடையில் என்னைப் பார்த்து, "ஸாரி" என்றார்.  உப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். இப்போது வேறு கொட்டகையில் சக்கரம் மாற்றுகிறேன், எண்ணெய் மாற்றுகிறேன். நல்லதுதானே நடந்தது என்கிறார் என் கணவர். நல்லது நடந்தால் கோபம் போய்விட வேண்டும் என்று எந்தச் சட்டம் இருக்கிறது?

வேலை போன விஷயத்தை நைனாவிடம் மறைத்தே வைத்திருந்தேன். அந்த விளம்பரத் தாளைக் கிழித்த அன்று சாயங்காலம், கோட்டைக்குப்பத்தில் விடிந்ததும், வீடியோவில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ரூத் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நைனா வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார். "இன்னாம்மா இது, மண்ணு மூட்டைக்கோசரம் வேலயத் தொலச்சிகினு வந்து நிக்கறே? அவன் ஊரு, அவன் கம்பெனி. உனுக்கு இன்னாத்துக்கு?"

"எனக்கு இன்னாத்துக்கா?" குரல் உடைந்துவிட்டது. "அன்னிக்கு நீ ஒரு வார்த்த கேட்டியா நைனா? அவன் நம்ம வாசல்ல நின்னுகினு உன் புள்ளைக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னான். நீ செரிங்கன்னே. ஏன் நைனா அப்பிடிச் சொன்னே?"

வேப்பங்குச்சி நின்றது. அவர் முகம் திரையை விட்டு விலகியது. ஓலைக்கூரையும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. துப்புகிற சத்தம் கேட்டது. நான் அழைப்பைத் துண்டிக்கப் போனேன். ரூத் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தாத்தா," என்றாள். அவள் தமிழில் பேசி நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள். "மாமா… பேர்… என்ன?"

அவளுக்குத் தெரியாது. நான் அவளிடம் அண்ணன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அண்ணன் போன நாளிலிருந்து நைனா அந்தப் பெயரைச் சொல்லி நானும் கேட்டதில்லை. வீட்டில் பேசவேண்டி வந்தால் 'பெரியவன்' என்பார், அதுவும் பாதிக் குரலில்.

நைனாவின் முகம் திரைக்குள் வந்தது. கண் சிவந்திருந்தது.

"ஞானப்பிரகாசம்," என்றார். பிறகு இன்னும் சத்தமாக, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "ஞானப்பிரகாசம்! இந்தக் கரையில அவன மாதிரி படகு ஓட்ட ஆளு கெடையாது" என்றார்.

"நானப்…" என்று ரூத் தடுமாறினாள்.

"நா இல்லம்மா. ஞா. வாய நல்லாத் தொற. ஞா."

"ஞா," என்றாள் ரூத்.